பன்னிரண்டாவது வெடி

நகர நாள் விடுமுறைக்கு வாணவேடிக்கை நடத்தலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்கென்றே அந்த நகராட்சியில் ஒரு குழு இருந்தது. லேசுப்பட்ட குழு இல்லை. தலைவர், துணைத் தலைவர், பதினேழு உறுப்பினர்கள், தனி அறை, அறைக்கு ஏசி, ஏசிக்கு ரிமோட், ரிமோட்டை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி. ஆண்டு முழுக்க யோசிப்பார்கள். குழாயில் சாக்கடைத் தண்ணீர் வருகிறது என்று யாராவது வந்து நின்றால், "உள்ளே யோசனை நடக்குது, அப்புறம் வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். யோசித்து முடித்ததும் வாணவேடிக்கை நடக்கும். யோசிக்காமல் நடத்தினால் அது வீண் ஆடம்பரம். யோசித்து நடத்தினால் மக்களாட்சி.

மைதானத்துக்குப் பின்தெருவில் குடியிருந்த தையல்காரருக்கு இந்த விஷயத்தில் கருத்து என்று எதுவும் கிடையாது. பள்ளிச் சீருடை தைத்து வயிற்றைக் கழுவுகிற மனிதர். வானத்தில் யார் எதைக் கொளுத்தினால் அவருக்கு என்ன. அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். எந்த நாள், எத்தனை மணி. அதைச் சொல்லிவிட்டால், முந்தின நாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்பா முப்பது வருஷம் கல்குவாரியில் வெடி வைத்தவர். அந்த வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. எத்தனை குழியில் மருந்து திணித்தோமோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். பதுங்கின இடத்தில் இருந்தபடி எண்ண வேண்டும். கணக்கு சரியாக இருந்தால்தான் வெடிக்காரர் எழுந்து நின்று, "எல்லாரும் வரலாம்" என்று குரல் கொடுப்பார். ஒன்று குறைந்தாலும் ஒருத்தரும் அசையக் கூடாது. ஒரு நாள் எட்டுக் குழி வைத்தார்கள். அப்பா எட்டு எண்ணினார், குரல் கொடுத்தார். எட்டில் ஒன்று மலையில் பட்டுத் திரும்பிய எதிரொலி. முதலில் எழுந்து போன கூட்டாளி திரும்பி வரவில்லை.

அதோடு அப்பா வேலையை விட்டார். எங்கே வெடிச் சத்தம் கேட்டாலும் மகனுடைய துணி வெட்டும் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். "எத்தனை வெச்சாங்க?" என்று கேட்பார். எண்ணிக்கை சரியாக வந்தால் எழுந்து வருவார். வராவிட்டால் வரமாட்டார்.

சென்ற ஆண்டு விடுமுறையன்று மாலை ஏழு மணிக்கு வாணவேடிக்கை என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். சிறப்பு விருந்தினருக்கு வசதிப்படவில்லை என்று முதல் நாளே பட்டப்பகலில் கொளுத்திவிட்டார்கள். வெயிலில் ஒரு பூவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. எத்தனை வெடி என்று யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. அப்பா ஒன்பது நாள் மேஜைக்கு அடியிலேயே கிடந்தார். தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. கடைசியில் ஊசி போட்டு, மயக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "இன்னொரு தடவை இப்படி ஆனா உடம்பு தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் இந்த ஆண்டு தையல்காரர் இரண்டு வாரம் முன்பாகவே நகராட்சிக்குப் போனார். மனு வாங்கும் ஜன்னலில் கண்ணாடி போட்ட எழுத்தர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"வாணவேடிக்கை பத்தியா? ஆதரவா, எதிர்ப்பா?"

"ரெண்டும் இல்ல மேடம். எந்த நாள், எத்தனை மணின்னு மட்டும் தெரியணும்."

எழுத்தர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க ரெண்டு நோட்டுதான் இருக்கு. பச்சை நோட்டு ஆதரவு. சிவப்பு நோட்டு எதிர்ப்பு. நேரம் கேக்கறதுக்கு நோட்டு கிடையாது."

"வாயால சொன்னாப் போதுமே."

"வாயால சொல்றதுக்கா எனக்கு இங்க சீட்டு போட்டிருக்காங்க?"

பச்சை நோட்டைப் புரட்டிக் காட்டினார். உறுப்பினர்கள், உறுப்பினர்களின் மனைவிமார், மாமனார்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே கையெழுத்தில் ஆதரவு தெரிவித்திருந்தார்கள். அதில் இடம் இல்லை. சிவப்பு நோட்டு பிரிக்காத புது நோட்டாக இருந்தது. தையல்காரரின் பெயரை அதில் முதல் வரியில் எழுதிவிட்டு, எழுத்தர் அம்மா உள்ளே ஓடினார்.

அடுத்த நிமிஷம் நடந்ததைத் தையல்காரர் இந்த ஜென்மத்தில் எதிர்பார்த்திருக்க மாட்டார். விழா அலுவலரே வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தொப்பையைத் தூக்கிப் பிடித்தாற்போல் பெல்ட் போட்ட மனிதர்.

"வாங்க வாங்க. உங்களைத்தான் மூணு வாரமா எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம். எதிர்ப்புன்னு ஒருத்தராவது இல்லாம கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தக் கூடாதுன்னு விதி. கூட்டம் நடத்தாம முடிவெடுக்கக் கூடாது. ஒரு எதிர்ப்பாளர் கிடைக்காம தவிச்சுப் போயிட்டோம். போன வருஷம் எங்க வாட்ச்மேனையே எதிர்க்கச் சொன்னோம். பேசும்போது பாதியில ஆதரிச்சுட்டான்."

"நான் எதிர்க்கலை சார். எங்கப்பாவுக்கு..."

"தன்னடக்கம் வேண்டாம்" என்று சொல்லி, விழா அலுவலர் அவர் சட்டையில் 'எதிர்ப்பாளர்' என்று அச்சடித்த அட்டையைக் குத்திவிட்டார். டீயும் வரவழைத்துக் கொடுத்தார். நகராட்சியில் தனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை என்பதால், தையல்காரரும் வாயை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வந்தார். அந்த டீயை நினைத்துப் பின்னால் அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. நகரத் தலைவர் தலைமை தாங்கினார். மேடையில் பத்தொன்பது நாற்காலி. எதிரில் தையல்காரருக்கு ஒன்று. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நான் சத்தத்துக்கு எதிரானவன் அல்ல. அமைதிக்கும் எதிரானவன் அல்ல. நான் எதற்குமே எதிரானவன் அல்ல. அதனால்தான் இருபது ஆண்டுகளாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். வாணவேடிக்கை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மக்கள் வானத்தைப் பார்க்கும்போது சாலையைப் பார்ப்பதில்லை. ஆண்டுக்குக் கால்மணி நேரமாவது அவர்களை அண்ணாந்து பார்க்கவைப்பது நமது கடமை. அதே சமயம், எதிர்க்கருத்தை நான் தலைவணங்கி வரவேற்கிறேன். எதிர்க்கருத்து இல்லாமல் எடுத்த முடிவை நீதிமன்றம் ரத்து செய்துவிடுகிறது."

பதினேழு பேரும் கைதட்டினார்கள். பிறகு எதிர்ப்பாளரைப் பேசச் சொன்னார்கள்.

தையல்காரர் எழுந்தார். அப்பாவின் கதையைச் சொன்னார். குவாரி, எட்டுக் குழி, எதிரொலி, ஒன்பது நாள், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னார். கடைசி வரிசையில் ஓர் உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏசி அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

"அதனால ஐயா, நடத்துங்க, நடத்தாமப் போங்க. எப்பன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் அவரைக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"நியாயமான கோரிக்கை" என்றார் தலைவர். "முடிவெடுத்தவுடன் நேரம் சொல்லப்படும். ஒலிச் சோதனை முடிந்தவுடன் முடிவெடுக்கப்படும். எதிர்ப்பாளர் ஒலியைப் பற்றிப் புகார் சொன்னால் சோதனை கட்டாயம்."

"அது எப்ப ஐயா?"

விழா அலுவலர் சிரித்தார். "முன்கூட்டியே சொன்னா அது சோதனையா? பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைக் குடுக்கற மாதிரி இல்ல?"

"எங்க வெச்சு நடக்கும், அதையாவது சொல்லுங்க சார்."

"அது விதியிலேயே இருக்கே. எதிர்ப்பாளர் வீட்டு வாசல்ல."

தையல்காரர் பேந்தப் பேந்த விழித்தார். அன்று ராத்திரியே அப்பாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று போன் போட்டால், அக்காவின் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தார், வீடு பூட்டிக் கிடந்தது. "நாலு நாள் பொறுத்துக்கடா" என்றாள் அக்கா.

நகராட்சி மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவர்கள், மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு டாண் என்று வந்து இறங்கினார்கள். தையல்காரர் பள்ளிக்கூடத்தில் சீருடை கொடுத்துவிட்டு ரசீதுக்காக நின்றிருந்தார். தெருப்பக்கம் முதல் சத்தம் கேட்டதும் ரசீதும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓட்டமெடுத்தார். ஓடும்போது ஒவ்வொரு சத்தமும் அவர் நெஞ்சிலேயே விழுந்தது. எண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது புகை அடங்கிக்கொண்டிருந்தது. விழா அலுவலர் மெகாபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரி தலைவிரி கோலமாக அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா உள்ள இருக்காரு, வேண்டாம்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேங்க. ஜன்னலைத் திறந்து வைங்கம்மா, இல்லன்னா சத்தம் அளக்கற மீட்டர் சரியாக் காட்டாதுங்கறாரு. 'மொத்தம் பன்னிரண்டு வெடி'ன்னு மெகாபோன்ல தெரு முழுக்கச் சொல்லிட்டுக் கொளுத்தறாருங்க. இவரு மனுஷந்தானா?"

"அம்மா, அறிவிச்சுட்டுத்தான் கொளுத்தணும்னு விதி" என்றார் விழா அலுவலர். பிறகு மீட்டரைத் தையல்காரரிடம் நீட்டினார். "பாருங்க. எண்பது. அனுமதிச்ச அளவே எண்பதுதான். ஒரு புள்ளிகூட ஏறலை."

"சார், இதுல எண்பதுக்கு மேல எண்ணே இல்லையே."

"அதனாலதான் ஏறலை."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள்ளே போய், வெட்டும் மேஜைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அடியில் அப்பா காதைப் பொத்திக்கொண்டு, முழங்காலை மார்போடு சேர்த்து, சுருண்டு கிடந்தார்.

"பெரியவரே, இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருந்துதா?"

அப்பா பதில் சொல்லவில்லை. அவருடைய உதடு மட்டும் அசைந்தது.

"ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக்கொண்டு விழா அலுவலர் எழுந்தார்.

வண்டி போனபிறகு தையல்காரர் மேஜைக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"அப்பா, முடிஞ்சுதுப்பா. வாங்க."

"எத்தனை சொன்னாங்க?"

"பன்னெண்டு."

"பதினொன்னுதான் கேட்டுது."

"பன்னெண்டும் வெடிச்சுதுப்பா. நான் எண்ணினேன்" என்று தையல்காரர் வாய் கூசாமல் பொய் சொன்னார்.

அப்பா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "எட்டுன்னுதான் நானும் சொன்னேன்" என்றார். மருமகள் மேஜை ஓரமாகப் போய் நின்றால், வரக் கூடாது என்று கையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் தையல்காரர் மீண்டும் எழுத்தர் அம்மாவின் ஜன்னலுக்குப் போனார். வெடித்தது பதினொன்றா பன்னிரண்டா என்று கேட்டார். கோப்பில் பன்னிரண்டு என்று இருந்தது. கோப்பில் இருந்தால் வெடித்த மாதிரிதான் என்றார் எழுத்தர் அம்மா. அன்று மாலையே குழு முடிவும் எடுத்துவிட்டது. சோதனைக்கே இருப்பு வெடியெல்லாம் தீர்ந்துவிட்டது, புதிதாக வாங்க இனி நாள் இல்லை. ஆனால் செய்திக்குறிப்பில் அப்படியா எழுதுவார்கள்? 'குடிமகன் ஒருவரின் உணர்வுக்கு மதிப்பளித்து இந்த ஆண்டு வாணவேடிக்கை ரத்து. நகர எல்லைக்குள் வெடிச் சத்தத்துக்கு முழுத் தடை' என்று எழுதினார்கள். யார் அந்தக் குடிமகன் என்று ஊருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று, சட்டையில் அட்டை குத்தின படத்தையும் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் தைக்கக் கொடுத்த பேண்டைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாளும் அப்பா எழவில்லை. ஈரத் துணியை உதட்டில் ஒற்றி ஒற்றித்தான் தண்ணீர் இறக்க முடிந்தது. வேறு வழியில்லாமல் மூன்றாம் நாள் தையல்காரர் மானத்தை விட்டுவிட்டு ஒரு மனு எழுதினார். 'எங்கள் வீட்டு அருகில் ஒரே ஒரு வெடி வெடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

எழுத்தர் அம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க எதிர்ப்பாளர்."

"ஆமா மேடம்."

"எதிர்ப்பாளர் எப்படி வெடி கேப்பாரு? உங்க எதிர்ப்பை மதிச்சுத்தானே ஊருக்கே தடை போட்டிருக்கு. உங்களை நீங்களே எதிர்க்கறதுன்னா அதுக்கு மூணாவதா ஒரு நோட்டு வேணும்."

விடுமுறைக்கு முதல் நாள் நகராட்சி வண்டியின் டிரைவர் ஓர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே திருப்திப் படிவம். 'தங்கள் மனு தீர்த்துவைக்கப்பட்டது குறித்துத் தங்கள் கருத்து' என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தது. ஒன்று 'திருப்தி', மற்றது 'மிகவும் திருப்தி'. கீழே பொடி எழுத்தில், 'சோதனை விவரத்தில் வேறுபாடு இருந்தால் இங்கே எழுதவும்' என்று ஒரு வரி. டிரைவர் மேஜைக்கு அடியில் பார்த்தார். கிடந்த உருவத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அன்னிலருந்தா இப்படி?"

"நாலு நாளாச்சு. பதினொன்னுதான் கேட்டுதுங்கறாரு."

டிரைவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரு சொல்றதுதாண்ணே சரி. பன்னெண்டு ஏத்துனது நான். பதினொன்னுதான் இறக்குனாங்க. ஒன்னைத் துண்டுல சுத்தி சீட்டுக்கு அடியில வெச்சுட்டாரு நம்ம விழா ஆபீசர். மச்சான் புது வீட்டுக்குக் குடி போறானாம், அங்க கொளுத்தறதுக்கு. இப்ப அவரு வீட்டுச் செருப்பு அலமாரியில இருக்கு. நான்தான் கொண்டு போய் வெச்சேன்."

தையல்காரர் அப்படியே மேஜையடியில் குனிந்து அப்பாவிடம் இதைச் சொன்னார். அப்பாவின் கண் மேஜைப் பலகையை விட்டு அகலவில்லை.

"அப்ப அது இன்னும் இருக்கு" என்றார். "திரியோட இருக்கு. ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது."

விடுமுறை நாள் காலையில் தையல்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, 'எதிர்ப்பாளர்' அட்டையையும் குத்திக்கொண்டு, விழா அலுவலர் வீட்டுக்குப் போனார். மைதானத்தின் மறுபக்கம் இருந்த அதிகாரிகள் குடியிருப்பில் மாடி வீடு. விழா அலுவலர் பனியனோடு வந்து கதவைத் திறந்தார்.

"சார், படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம்னு வந்தேன். ஒரே ஒரு சந்தேகம். வேறுபாடு இருந்தா எழுதச் சொல்லியிருக்கீங்க. பதினொன்னுன்னு எழுதட்டுமா, பன்னெண்டுன்னு எழுதட்டுமா?"

"வயசானவரு பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"அவரு முப்பது வருஷம் அதை எண்ணித்தான் சார் எங்களுக்குச் சோறு போட்டாரு." தையல்காரரின் பார்வை கதவோரம் இருந்த செருப்பு அலமாரிக்குப் போய் அங்கேயே நின்றது.

விழா அலுவலர் முகத்தில் ஈயாடவில்லை. எழுத்தில் வேறுபாடு வந்தால் தணிக்கைக்காரர்கள் வருவார்கள் என்பது எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இதோ பாருங்க, நான் எடுத்துக்கலை. பாதுகாப்பா வெச்சிருக்கேன். எங்க ஆபீஸ்ல எந்தப் பொருளை வெச்சாலும் தொலைஞ்சு போயிடுது. பதினாலு வருஷமா ஒவ்வொன்னா நான் வீட்டுக்குக் கொண்டு வந்துதான் காப்பாத்திக்கிட்டு வரேன்." அவருக்குப் பின்னால் நகராட்சி முத்திரை போட்ட மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அது இருந்தா பதினொன்னு சார். இல்லாமப் போயிட்டா பன்னெண்டு. எனக்கு வேற ஒன்னும் வேண்டாம்."

"எப்படிய்யா இல்லாமப் போகும்? தண்ணியில போட்டுடவா?"

"வெடிக்கறதுக்குன்னு செஞ்சதை வெடிச்சாத்தான் சார் கணக்கு."

"ஊருக்கே தடை போட்டிருக்கு. சத்தம் கேட்டா என் வேலை போயிடும்."

"உங்க மீட்டர்ல எண்பதுக்கு மேல காட்டாதே சார்" என்றார் தையல்காரர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "அரைமணி நேரம் பொறுக்கறேன். அப்புறம் எழுதிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, தையல்காரர் மேஜைக்கு அடியில் நுழைந்து அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். அப்பாவின் மூச்சு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. கையைத் தொட்டால் சில்லிட்டிருந்தது. வீட்டுக்காரி நடையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் படுபாவி ஏமாற்றிவிடுவானோ என்று தையல்காரர் வாசல் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் போயிற்று. இருபத்தைந்தும் போயிற்று.

அப்போது மைதானத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு சத்தம் வந்தது.

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். எதிரொலி வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு மூச்சை விட்டார்.

"பன்னெண்டு" என்றார்.

மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்தார். தையல்காரர் தாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். மருமகள் கொடுத்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அப்புறம் தள்ளாடித் தள்ளாடி வாசலுக்குப் போனார். தையல்காரர் பின்னாலேயே போனார். தெருவில் எல்லாரும் சத்தம் கேட்டுக் கதவோரமாகவும் ஜன்னலோரமாகவும் அரண்டுபோய் நின்றிருந்தார்கள். மைதானத்துக்கு அப்பால், அதிகாரிகள் குடியிருப்பின் மொட்டை மாடியில் வெயிலோடு வெயிலாக ஒரு பிடி புகை நின்றது. அந்த ஆண்டு நகரத்தில் நடந்த வாணவேடிக்கை அவ்வளவுதான்.

அப்பா இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தார். குவாரியில் அந்தக் கூட்டாளி போன நாளிலிருந்து அவர் கொடுக்காத குரலைக் கொடுத்தார்.

"எல்லாரும் வரலாம்..."

எதிர்வீட்டுக்காரர் முதலில் வெளியே வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக அந்த மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து, பனியன் போட்ட ஒரு தலை மெல்ல எட்டிப் பார்த்தது.

"அவரையும் வரச் சொல்லுடா" என்றார் அப்பா. "கணக்கு சரியாப் போச்சு."